சார்ஜன்ட் சாட்டர்லியின் முழங்கை

டெல்பர்ட் சாட்டர்லியின் வலது முழங்கையைப் பார்க்காத ராணுவ அதிகாரி அமெரிக்காவில் கிடையாது. அந்த முழங்கைக்குப் பின்னால் ஓர் ஆளும் உண்டு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

படம் எடுத்தது 1979 பிப்ரவரியில், ஜெர்மனியில், பனிக்காலப் பயிற்சியின்போது. முழங்கால் உயரத்துக்குப் பனி. நூறு வீரர்கள் தட்டும் கையுமாக வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் பின்னால், காலித் தட்டோடு, ஜெனரல் பர்டெட் நிற்கிறார். மூக்கு சிவந்திருக்கிறது, முகத்தில் அப்படியொரு பொறுமை. படத்தின் இடது ஓரத்தில், கூடாரத்துக்குள்ளிருந்து கரண்டி பிடித்த ஒரு கை நீண்டிருக்கிறது. அந்த ஆளில் கேமராவுக்குள் விழுந்தது முழங்கைவரை மட்டும்தான்.

வீரன் முதலில் சாப்பிட வேண்டும், தலைவன் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது ராணுவத்தின் பழைய வழக்கம். அதைச் சொல்லித்தர இதைவிட நல்ல படம் கிடைக்குமா? பாசறைகளில் மாட்டினார்கள், பயிற்சிப் புத்தகங்களில் அச்சடித்தார்கள். எங்கள் பிளின்ட் ரிட்ஜில் முடிதிருத்தும் கடையில்கூட அது தொங்குகிறது. கென்டக்கியில் ராணுவ முகாம் வாசலிலேயே இருக்கும் ஊர். இங்கே முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்ற சிப்பாய்கள். முடிவெட்டப் போகும்போதெல்லாம் டெல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவரைக் காட்டி, "அது என் முழங்கை" என்பார். முடிவெட்டுகிறவர், "எனக்குக்கூட ரெண்டு இருக்கு டெல்பர்ட், தலையை ஆட்டாதே" என்பார்.

டெல்பர்ட் ஒன்பது பிள்ளைகளில் கடைசி. பதினெட்டு வயதில், டாங்கி ஓட்ட வேண்டும் என்ற ஆசையில் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த அன்று வரிசையில் நின்றவர்களை ஓர் அதிகாரி கையால் பிரித்தார். இவருக்கு முந்தைய ஆள்வரை டாங்கிப் படை. இவரிலிருந்து சமையல். அந்த ஒரு ஆள் வித்தியாசத்தில் இருபத்து நான்கு வருஷம் போனது. காலையில் முட்டைப் பொரியல் செய்து சூடு காக்கும் டப்பாவில் அடைத்து அனுப்புவார். இரண்டு மணி நேரம் அதில் கிடந்தால் முட்டை பச்சை நிறமாகிவிடும். அது விஞ்ஞானம், சமையல்காரனின் குற்றமல்ல. ஆனால் பசியோடு இருக்கிறவனிடம் விஞ்ஞானம் பேச முடியுமா? மூன்று கண்டங்களில் அவர் வாங்கிய வசவுக்கு அளவில்லை.

அவர் மனைவி யோங்-ஹி கொரியாக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் முகாமின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இவர் முட்டைக்கோஸை வேகவைத்துக் கொன்ற நாற்றம் தாங்காமல் சண்டை போட வந்தவள்தான். சண்டை ஐம்பது வருஷமாக நடக்கிறது.

இந்த வசந்தத்தில் முகாமுக்குப் பக்கத்தில் இருக்கும் படைத் தலைமை அருங்காட்சியகத்தில் ஒரு புதுக்கூடம் திறந்தார்கள். ராணுவத்தை நல்லபடி நடத்திய தலைவர்களுக்கென்றே உள்ள அருங்காட்சியகம் அது. புதுக்கூடத்தின் நடுவில் அந்தப் புகைப்படத்தையே ஆளுயரப் பொம்மைகளாகச் செய்து வைத்திருப்பதாக முடிதிருத்தும் கடையில் பேச்சு. பொம்மைகளுக்கு முன்னால் பித்தளைப் பலகையில் படத்தில் இருப்பவர்கள் பெயரெல்லாம் இருக்கிறதாம். அன்று ராத்திரி டெல்பர்ட்டுக்குத் தூக்கம் இல்லை.

"நாளைக்குப் போறோம்," என்றார். "என் பேரைப் போடச் சொல்லப் போறேன்."

"உன் முழங்கைக்குத் தனியா ஒரு பேரா?" என்றாள் யோங்-ஹி. ஆனால் காலையில் அவர் சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

பத்து மணிக்குத் திறக்கிற இடத்துக்கு ஒன்பது மணிக்கே போய் வாசலில் நின்றார் டெல்பர்ட். சரியான நேரத்தில் வருவதையே தாமதம் என்று நினைக்கிற இனம் இந்தப் பழைய சார்ஜன்ட்கள். அவருக்கு முன்னால் ஏற்கனவே இரண்டு பேர் நின்றார்கள்.

புதுக்கூடத்துக்குள் நுழைந்ததும் டெல்பர்ட் முதலில் சமையல்காரப் பொம்மையைத்தான் தேடினார். படத்தில் முழங்கை மட்டும் இருந்ததால், மீதி ஆளைக் கைவேலைக்காரர்களே கற்பனை செய்திருந்தார்கள். இருபத்தைந்து வயது, பொன்னிறத் தலைமுடி, சினிமா நடிகனின் மோவாய்.

யோங்-ஹி பொம்மையை ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் கேட்டிருந்தா நான் யோசிக்காமலே சரின்னிருப்பேன்."

டெல்பர்ட்டின் கண் பித்தளைப் பலகையில் இருந்தது. ஜெனரலின் பெயர், அதன் கீழே 'பொறுமையோடு காத்திருந்து கடைசியில் சாப்பிட்ட தலைவர்' என்று ஒரு வரி. வரிசையில் நின்றவர்களில் முகம் தெரிந்த முப்பத்தோரு பேரின் பெயர். படமெடுத்தவர் பெயர். ஜெனரலின் ஓட்டுநர் பெயர். பின்னால் புதரில் நின்ற நாயின் பெயர்கூட இருந்தது, பிஸ்மார்க் என்று. கடைசி வரி: சமையல்காரர், அடையாளம் தெரியவில்லை.

"நாய்க்குப் பேர் இருக்கு," என்றார் டெல்பர்ட்.

யோங்-ஹி இப்போது சிரிக்கவில்லை. "வா, ஆபீசுக்குப் போவோம்," என்றாள்.

காப்பாளர் டாக்டர் கோரா மேட்டிங்லிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் காகிதம் மலையாகக் கிடந்தது. பதினொரு மணிக்கு நாற்பது புது லெப்டினன்ட்கள் ஒரு கர்னலோடு வரப்போகிறார்கள், அந்தப் பொம்மைகளுக்கு முன்னால் வகுப்பு, பிறகு விருந்து. அந்த அவசரத்திலும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"சொல்லுங்க மிஸ்டர் சாட்டர்லி."

"அந்த முழங்கை என்னோடது மேடம்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க நாலாவது ஆள். ஒஹையோலேர்ந்து ஒருத்தர் முழங்கையை மாவுல அச்செடுத்து பார்சல்ல அனுப்பியிருக்கார். இன்னொருத்தர் எலும்பு டாக்டர் சர்டிபிகேட்டோட வந்தார்."

"அவனுங்க பொய்யனுங்க மேடம்."

"உங்களைப் பத்தியும் அவங்க அதைத்தானே சொல்வாங்க?" அவள் குரலில் கேலி இல்லை. "உங்க சர்வீஸ் காகிதத்துல என்ன இருக்கு? அந்தப் படைப்பிரிவுல மொத்தம் பதினோரு சமையல்காரங்க. அன்னிக்குக் காலைல அந்தக் கூடாரத்துல நின்னது யாருன்னு எந்தக் காகிதத்திலயும் இல்லை. அன்னிக்கு நடந்ததுல ஏதாவது, அந்தச் சமையல்காரருக்கு மட்டும் தெரிஞ்சது, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜெனரலோட சொந்தக் கடிதங்கள் எங்கிட்ட இருக்கு. ஒத்துப்போனா நாளைக்கே உங்க பேரைப் பலகையில பொறிச்சுடறேன்."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று ஜெனரலுக்கே வாக்குக் கொடுத்திருந்தார். மனைவியிடம் சொன்னது கணக்கில் வராது. அதுவும் வாரத்துக்கு ஒருமுறைதான் சொல்லியிருப்பார்.

யோங்-ஹி மேசைக்கடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். "சொல்லு. அவர் செத்து இருபது வருஷமாச்சு. நாய்க்குப் பேர் இருக்கு டெல்பர்ட்."

நாய் அவரை உடைத்துவிட்டது.

"ஜெனரல் அன்னிக்குக் கடைசியில சாப்பிடலை மேடம்," என்றார். "முதல்ல சாப்பிட்டார். வரிசை கூடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கூடாரத்துக்குப் பின்பக்கமா வந்தார். ஒன்றரை நாளா பட்டினி. உருளைக்கிழங்குப் பெட்டி மேல உட்கார்ந்து ஆறு பான்கேக் சாப்பிட்டார். பாகு ஊத்தி. ஏழாவது போடவான்னு கேட்டேன், பெல்ட்டைப் பார்த்துட்டு வேண்டாம்னார். எங்கம்மா கையால தின்னதுக்கப்புறம் இப்படியொரு பான்கேக் தின்னதில்லை சார்ஜன்ட், அப்படின்னார். தட்டைத் தானே கழுவி வெச்சார். இது நமக்குள்ள இருக்கட்டும்னார். அப்புறம்தான் போய்க் கடைசியில நின்னார். அந்த முகத்துல பொறுமைன்னு எழுதியிருக்கீங்களே, அது வயிறு நிறைஞ்ச முகம் மேடம்."

இருபத்து நான்கு வருஷச் சமையலில் அவர் வாங்கிய ஒரே பாராட்டு அது. அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாமல் நாற்பத்தைந்து வருஷம் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

"உங்க பேரைக் கேட்டாரா?" என்றாள் கோரா.

"இல்லை."

அவள் எழுந்துபோய் ஒரு பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தாள். வாசித்த முகம் முதலில் வெளுத்தது, பிறகு ஒளிர்ந்தது. "மனைவிக்கு எழுதினது. 'காலையில் பெட்டி மேல் உட்கார்ந்து ஆறு. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.' ஆறு என்னன்னு இத்தனை நாளா எங்களுக்குப் புரியலை. ஆறு பேரைப் பேட்டி எடுத்தார்னு ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்!"

"அப்போ அது என் முழங்கைதானே?"

"சந்தேகமே இல்லை!"

யோங்-ஹி கணவனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அது அவளுடைய முத்தம். டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. "பேரு எப்போ பொறிப்பீங்க மேடம்?"

கோராவின் ஒளி மெல்ல அணைந்தது. "அதுதான் மிஸ்டர் சாட்டர்லி. அவர் முதல்ல சாப்பிட்டார்னா பலகையில இருக்கறது பொய். பொய்யை நான் வெச்சிருக்க முடியாது. பொம்மை எல்லாத்தையும் எடுத்தாகணும். பயிற்சிப் புத்தகத்துக்கும் எழுதணும். படமே போயிடும்."

"என் பேரு?"

"படம் இல்லாம அதை எங்கே எழுதறது?"

வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

டெல்பர்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். லெப்டினன்ட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர், கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகாத சட்டைகள். அந்தப் படம் வருவதற்கு முன்னால் இருந்த லெப்டினன்ட்களை அவருக்குத் தெரியும். முதல் பத்து வருஷம் அவர்களுக்கும் கரண்டி பிடித்திருக்கிறார். வரிசையை வெட்டிக்கொண்டு வருவார்கள், பன்றி வறுவலில் மொறுமொறுப்பானதாகப் பொறுக்கி எடுப்பார்கள். ராத்திரி முழுக்கக் காவல் நின்றுவிட்டு வருகிற பையனுக்குச் சட்டியைச் சுரண்டித்தான் போட வேண்டும். வழக்கம் என்று ஒன்று ஏட்டில் இருந்தது, அவ்வளவுதான். படம் சுவரில் ஏறிய பிறகுதான் அதிகாரிகளுக்கு வெட்கம் வந்தது. அதன் பிறகு சட்டியை அவர் ஒருமுறைகூடச் சுரண்டவில்லை.

ஆறு பான்கேக்கில் எத்தனை ஆயிரம் பேர் சூடாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்! அந்தப் படத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வருமா? ஆனால் வயிறு எரியத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"மேடம்," என்றார் டெல்பர்ட். "நான் சும்மா சொன்னேன்."

"என்னது?"

"பான்கேக், பெட்டி, எல்லாம் கட்டுக்கதை. ஆறுங்கறது குருட்டாம்போக்குல வந்தது. அந்த முழங்கை என்னோடது இல்லை."

யோங்-ஹியின் வாய் திறந்தபடி நின்றது. ஐம்பது வருஷத்தில் அவளுக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல்முறை. கோரா கையிலிருந்த கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. ஆனால் படித்தவள், ஆதாரம் கேட்டுப் பழகியவள். சாட்சியே பின்வாங்கினால் என்ன செய்வாள்?

"அப்போ நீங்க நாலாவது பொய்யர்," என்றாள் மெதுவாக.

"ஆமாம் மேடம். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாள். கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க, ரெண்டு பேரும்," என்றாள்.

வகுப்பு நடந்தபோது டெல்பர்ட் தூணோரமாக நின்று கேட்டார். கர்னல் நன்றாகப் பேசினார். "கடைசி வீரன் சாப்பிடறவரைக்கும் இவர் ஒரு வாய் வைக்கலை!" என்று பொம்மையைக் காட்டினார். ஒரு லெப்டினன்ட் டெல்பர்ட்டின் தொப்பியில் இருந்த படைப்பிரிவின் பெயரைக் கவனித்துவிட்டான்.

"நீங்க அங்கே இருந்தீங்களா சார்? இது நிஜமா?"

"என்னை சார்னு கூப்பிடாதீங்க சார். நான் சார்ஜன்ட்," என்றார் டெல்பர்ட். "கடைசி ஆள் தட்டு நிறையறவரைக்கும் பனியில அசையாம நின்னார். என் கண்ணால பார்த்தேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

யோங்-ஹி அவர் காதருகே வந்தாள். "நீ ஒரு மடையன்," என்றாள். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டெல்பர்ட் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு வர இருபது நிமிஷம் ஆனது.

விருந்துக் கூடத்துக்கு வந்தால் அங்கே ஒருவரும் சாப்பிடவில்லை.

நீண்ட மேசையில் பொரித்த கோழி, உருளைக்கிழங்கு மசியல், பச்சை பீன்ஸ் எல்லாம் ஆவி பறக்க இருந்தன. ஆவி குறைந்துகொண்டே வந்தது. மேசைக்குப் பின்னால் முகாம் சமையலறையிலிருந்து வந்த ஒரு பெண் கரண்டியோடு நின்றாள். இருபது வயதுதான் இருக்கும். ஏப்ரன் அவள் மார்பில் தைத்திருந்த பெயரை மறைத்திருந்தது. அவள் எதிரே பத்தடிக்கு ஆளே இல்லை. நாற்பது லெப்டினன்ட்களும் எதிர்ச் சுவரோரமாக முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள்.

"நீ முன்னாடி போ."

"நானா? நீதான் போகணும்."

"இப்பத்தானே பாடம் கேட்டோம்? நான் போகமாட்டேன்பா."

எல்லோரும் அதிகாரிகள். எல்லோரும் ஒரே நாளில் பதவி ஏற்றவர்கள். ஒருவருக்கு ஒருவர் இளையவர் கிடையாது. அத்தனை பேருக்கும் பின்னால் கர்னல் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு, என்னை யாரும் முந்தவைக்க முடியாது என்கிற மாதிரி நின்றார். கோரா ஓடி ஓடிக் கெஞ்சினாள். ஒருவரும் நகரவில்லை. வரிசைக்கு வால் மட்டும் சுவர்வரை நீண்டிருந்தது, தலையே இல்லை.

டெல்பர்ட் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் ஒரு கோழித்துண்டைத் திருப்பி வைத்தாள், பிறகு மறுபடி திருப்பினாள். தன் சமையல்தான் யாருக்கும் பிடிக்கவில்லையோ என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. அவருக்கு வந்ததே கோபம்!

"ஏய்!" என்றார். இருபத்து நான்கு வருஷம் பழகின குரல். நாற்பது பேரும் விறைத்து நின்றார்கள். கர்னலும் விறைத்தார். "கடைசியில சாப்பிடறது பெருமைதான். யாராவது முதல்ல தின்னாத்தானே சார் கடைசின்னு ஒண்ணு இருக்கும்? அந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்னாடி எழுந்து உங்களுக்காக வடிச்சுக் கொட்டியிருக்கா. இங்கே உங்க பெருமை சூடா இருக்கு, அவ கோழி ஆறிப்போகுது!"

"இந்த அறையில யார் சின்னப் பதவி?" என்று பின்னாலிருந்து ஒருவன் பயந்தபடி கேட்டான்.

எல்லோரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். கரண்டி பிடித்து நின்ற அந்தப் பெண்ணை விட்டால், அதிகாரியாக இல்லாத ஒரே சிப்பாய் அவர்தான்.

டெல்பர்ட் ஒரு தட்டை எடுத்தார். அந்தப் பத்தடியைத் தனியாக நடந்து கடந்தார். மேசைக்கு எதிரே வந்து நின்றவர் தட்டை நீட்டவில்லை.

"உன் பேரென்னம்மா?"

அவள் நடுங்கிப்போனாள். "ஏதாவது தப்பாயிடுச்சா சார்ஜன்ட்? கோழியில முடி கிடி கிடக்குதா?"

"ஒண்ணும் கிடக்கலை. பேரைத்தான் கேட்டேன்."

"பூட்ரோ," என்றாள். "டெஸிரே பூட்ரோ." சொல்லிவிட்டு, இதை எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் கோராவைப் பார்த்தாள். கோரா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பூட்ரோ சமைச்சது!" என்று டெல்பர்ட் கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். தட்டை நீட்டினார். அவள் ஒரு தொடைத்துண்டு வைத்தாள். நின்ற இடத்திலேயே எடுத்துக் கடித்தார். நாற்பது லெப்டினன்ட்களும் ஒரு கர்னலும் அவர் மென்று முடிக்கக் காத்திருந்தார்கள்.

உப்புக் கரித்தது. உள்ளே எலும்போரம் வறண்டு, பல்லுக்குப் பிடி கொடுக்கவில்லை. பொரித்த நேரத்தில் பத்து நிமிஷம் குறைத்திருக்கலாம், மசாலாவையும் முதல் நாளே தடவியிருக்கலாம். இது இரண்டையும் டெல்பர்ட்டின் நாக்கு ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

"எங்கம்மா கையால தின்னதுக்கப்புறம்," என்றார் உரக்க, "இப்படியொரு கோழி நான் தின்னதில்லை, பூட்ரோ."

பக்கத்தில் வந்து நின்ற யோங்-ஹி தன் தட்டிலிருந்து ஒரு கடி கடித்துப் பார்த்தாள். "செருப்பு மாதிரி இருக்கு," என்று கிசுகிசுத்தாள்.

"தெரியும். வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

பின்னால் நாற்பது ஜோடி பூட்ஸ்கள் நகரத் தொடங்கின. டெஸிரே பூட்ரோ ஏப்ரனை ஒருபக்கமாக இழுத்து விட்டுக்கொண்டாள். சட்டையில் தைத்திருந்த பெயர் வெளியே தெரிந்தது. அடுத்து வந்த லெப்டினன்ட்டின் தட்டில் கேட்காமலே ஒரு துண்டு கூடுதலாக வைத்தாள்.